எட்டாயிரம் கட்டங்களும் என் அண்ணியும்

என் அண்ணி பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். நடைமேடைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், கோடு போட்ட நீளமான நோட்டு, சுவரில் இரண்டு கடிகாரங்கள். "எதுக்கு அண்ணி ரெண்டு?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு ஓடறதுக்கு. இன்னொண்ணு அது ஒழுங்கா ஓடுதான்னு பாக்கறதுக்கு" என்றார். டிரைவர்களும் கண்டக்டர்களும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மணிக்கூண்டு'. முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் கடைசியில் ஓர் 'அக்கா' ஒட்டிக்கொள்ளும்.

"என்ன மணிக்கூண்டக்கா, ரெண்டு நிமிஷம்தானே லேட்டு? அதுக்குப் போய் மைக்ல மானத்த வாங்கறீங்க?"

"உனக்கு ரெண்டு நிமிஷம். உன் பின்னாடி ஆறு வண்டி நிக்குது, எனக்குப் பன்னெண்டு நிமிஷம். டீயக் கீழ வை, வண்டிய எடு."

அண்ணியின் வேலை வண்டிகளைக் கிளப்புவது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது பாதிதான். வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் மீதி. ஒன்பதாம் நம்பர் ஒரு சுற்றுப் போய்வர நாற்பத்தைந்து நிமிடம். பதினாலாம் நம்பருக்கு ஒரு மணி நேரம். இரண்டையும் ஒன்றாக அனுப்பினால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டும் ஒரே மேடையில் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். ஒன்பதை ஏழு நிமிடம் தள்ளி விட்டால் நாள் முழுக்க ஒருமுறைகூட முட்டாது. இதை அண்ணி யாரிடமும் கற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினேழு வருடமாக அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகளிடமிருந்தே கற்றுக்கொண்டது.

நான் பட்டதாரி. எங்கள் குடும்பத்திலும் சரி, எங்கள் கிராமத்தில் எங்கள் தெருவிலும் சரி, முதல் பட்டம் என்னுடையதுதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. எத்தனை தடவை சொன்னாலும் இனிக்கிறது. படித்து முடித்ததும் இந்த நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அண்ணனுக்கு இங்கே வெல்டிங் பட்டறை. பட்டறைக்கு மேலே இரண்டு அறை வீடு. அதில் அண்ணன், அண்ணி, கூடுதலாக நான்.

எங்கள் அலுவலகத்திலும் பக்கத்து நிறுவனங்களிலும் இருக்கிறவர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்துகிறார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம், ஒரு பயிற்சி மையத்தின் கூடத்தில் கூடுவார்கள். அங்கே புரோகிராம்கள் சண்டை போடும். நிஜமாகவே சண்டைதான். கணினிக்குள் பொய்யாக ஒரு நினைவகம் உருவாக்கிக்கொள்வார்கள்: எட்டாயிரம் கட்டங்கள், வட்டமாக. கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் மறுபடி முதல் கட்டம். அந்த வட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் என் புரோகிராமை வைப்பார்கள், இன்னோரிடத்தில் உங்களுடையதை. இரண்டும் மாறி மாறி ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும். எதிராளி இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு குண்டு உண்டு; அதை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுத்து எறியலாம். குண்டு விழுந்த கட்டம் செத்த கட்டம். அதில் யார் கால் வைக்கிறாரோ அவர் கதை முடிந்தது. ஒரு ஜோடிக்கு நூறு ஆட்டம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

நான் எழுதிய புரோகிராம் எல்லோரிடமும் தோற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்பக்கம் அண்ணி அடுத்த வாரத்து வண்டி அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு செத்தது?" என்றார், தலை நிமிராமல்.

"என் ஆளுதான் அண்ணி."

"எதுல?"

சொன்னேன். சொல்லத் தொடங்கும்போது இதெல்லாம் அவருக்கு எதற்கு என்றுதான் இருந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"உன் ஆளு எத்தனை கட்டத்துக்கு ஒருக்கா குண்டு போடறான்?"

"நாலு."

"இங்க போட்டு, நாலு தள்ளி, அப்புறம் நாலு தள்ளி... அப்படியே வரிசையா?"

"ஆமா."

"அட லூசு! எதிராளி அந்தக் கோடில இருந்தா இவன் பொடிநடையா அங்க போய்ச் சேரறதுக்குள்ள அவன் கல்யாணமே முடிச்சிடுவான். ஒரு தெருவ முழுசா முடிச்சிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவியா? எல்லா ரூட்டுக்கும் முதல்ல ஆளுக்கு ஒரு வண்டி விடணும். அப்புறம்தான் நடுவுல நடுவுல சொருகணும்."

உள்ளே சட்டையைத் தேடிக்கொண்டிருந்த அண்ணன் குரல் கொடுத்தார்: "உங்க சண்டைல யார் செத்தாலும் பரவாயில்ல. சோறு மட்டும் சாகாமப் பாத்துக்கங்க, அடுப்புல என்னமோ தீயற வாசனை வருது."

அன்று சோறு தீய்ந்துதான் போனது. ஆனால் அண்ணி சொன்னபடி நாலை எடுத்துவிட்டு மூவாயிரத்துச் சொச்சத்தில் ஓர் எண்ணைப் போட்டேன். குண்டுகள் வட்டம் முழுக்கத் தூவினதுபோல் விழுந்தன. அந்த வாரம் மூன்று பேரை ஜெயித்தேன்.

அதன் பிறகு அண்ணியை நிறுத்த முடியவில்லை. அந்த விளையாட்டின் மொழியில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான்: நகலெடு, கூட்டு, தாவு, ஒப்பிட்டுப் பார், இப்படி. ஒரு வாரத்தில் அத்தனையும் அவருக்கு வந்துவிட்டது. பழைய அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, பென்சில் முனையைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்தி, கணினி இல்லாமலேயே சண்டை நடத்திப் பார்ப்பார். மன்றத்தில் புழங்கும் சண்டை முறைகளை நான் விளக்க விளக்க ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது.

முறைகள் பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை கல்: கண்ணை மூடிக்கொண்டு குண்டு எறிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது காகிதம்: தன்னைத்தானே நகலெடுத்துப் போகிற இடமெல்லாம் பெருகும்; நாலு செத்தால் எட்டு முளைக்கும். மூன்றாவது கத்தரி: எதிராளி எங்கே என்று தேடி, கண்டுபிடித்த இடத்தில் மட்டும் தாக்கும். கல் கத்தரியை உடைக்கும், கத்தரி காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லை மூடும். குழந்தைகள் கைவிரலில் விளையாடுவார்களே, அதே கணக்கு.

காகிதத்தைப் பற்றி அண்ணி, "இது எங்க டெப்போ சங்கம் மாதிரி. ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணா பத்துப் பேர் வந்து நிப்பாங்க" என்றார். கத்தரியைப் பற்றி, "ரொம்பப் புத்திசாலி. அதனாலயே சுலபமா ஏமாறும். காலி வண்டி ஒண்ண லைட்டு போட்டு நிறுத்தினா அங்கதான் ஓடும்."

"அப்ப நீங்க எதை எழுதுவீங்க?"

"கல்லுதான். எனக்குத் தெரிஞ்சது அதான். நேரத்துக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு."

மூன்று வாரத்தில் எழுதி முடித்தார். அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நடந்ததெல்லாம் அதனால்தான்.

வட்டம் முழுக்கக் குண்டு எறிகிறவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. சுற்றிச் சுற்றி எறியும்போது ஒருநாள் சொந்த வீட்டிலேயே விழும். அண்ணி இதைத்தான் முதலில் யோசித்தார். அவர் தேர்ந்தெடுத்த எண் 2365. எட்டாயிரம் கட்ட வட்டத்தில் 2365 கட்டம் தள்ளித் தள்ளிக் குண்டு போட்டுக்கொண்டே போனால், எத்தனை சுற்று வந்தாலும் ஐந்துக்கு ஒரு கட்டத்தில்தான் விழும். நடுவில் உள்ள நாலு கட்டத்தைத் தொடவே தொடாது. அண்ணியின் புரோகிராமுக்கு மொத்தம் ஐந்து கட்டம். முதல் கட்டத்தில் குண்டு. அதன் மேல் இன்னொரு குண்டு விழுந்தால் நஷ்டமில்லை. மீதி நாலில் நாலு வரி: எண்ணைக் கூட்டு, முன்பக்கம் ஒன்று எறி, பின்பக்கம் ஒன்று எறி, மறுபடி முதலுக்குப் போ. முன்கை, பின்கை என்று அந்த இரண்டு வரிகளுக்கும் பெயர் வைத்திருந்தார். மற்றவர்களின் கல் மூன்றடிக்கு ஒரு குண்டு எறிந்தால், இது நாலடிக்கு இரண்டு எறிந்தது.

வீட்டில் என் புரோகிராமோடு மோத விட்டோம். நூற்றுக்கு எழுபத்தொன்று அண்ணிக்கு.

"படிச்ச புள்ளைய இப்படியா அடிப்பாங்க?" என்றார் அண்ணன், மிகுந்த சந்தோஷத்தோடு.

மன்றத்தின் ஆண்டுப் போட்டிக்கு வெளியாரும் அனுப்பலாம். அண்ணியே விண்ணப்பத்தை நிரப்பினார். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்றும், பணி என்ற இடத்தில் 'டைம்கீப்பர், பேருந்து நிலையம்' என்றும் எழுதினார். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தன் பெயரைப் போட்டு எந்தத் தேர்வுக்கும் எதையும் அனுப்பியதில்லை என்று அப்போதுதான் சொன்னார். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர். அந்த வருடமே கல்யாணம்.

நாலு நாள் கழித்து மன்றத்தின் செயலாளர் அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தார். எங்கள் நிறுவனத்தில் எனக்கு இரண்டு படி மேலே இருப்பவர், நல்ல மனிதர், விதி என்றால் உயிர்.

"ஒருத்தர் ஒரு புரோகிராம்தான் அனுப்பலாம்னு தெரியும்ல?"

"ஒண்ணுதானே சார் அனுப்பினேன்?"

"உங்க பேர்ல ஒண்ணு. உங்க அண்ணி பேர்ல ஒண்ணு."

"அது அவங்க எழுதினது சார்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. "பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பர். முன்கை, பின்கை. இந்த 2365ங்கற எண்ணப் பாத்தா மட்டும் போதும், இத எழுதினவருக்கு எண் கணிதம் நல்லாத் தெரியும். சரி, வாதாட வேணாம். போட்டியன்னிக்கு அவங்களே வரட்டும், பாத்துக்கலாம். ஆனா அவங்க எழுதலன்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் போட்டிலேர்ந்து எடுத்துடுவேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பது நிற்கவில்லை, ஆனால் ஒரே சட்டையை மூன்று முறை மடித்தார்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசாகுது தம்பி. தப்புப் பண்ணிருக்கேன், திட்டு வாங்கிருக்கேன். ஆனா என் நோட்டுல இன்னொருத்தன் எழுதினான்னு இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல." சட்டையை வைத்துவிட்டு, "நான் வர்றேன். லீவு போட்டுட்டு வர்றேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் அது என்னோடதுன்னு அந்த ஆளு வாயால சொல்லணும்" என்றார்.

அண்ணி விடுப்பு எடுப்பது அபூர்வம். அந்த நாளுக்கு மாற்று ஆளைப் பிடிக்க நிலையத்தில் பத்து நாள் அலைந்தார்.

போட்டி ஒரு சனிக்கிழமை மதியம். கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக, முன்னால் பெரிய திரை, அதன் ஓரத்தில் செயலாளரின் மேசை. பதினாறு புரோகிராம்கள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் மோதும். அண்ணன் பட்டறையை அங்கே வேலை செய்யும் பையனிடம் விட்டுவிட்டு, கைகளில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். அண்ணி முதல் வரிசையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் மோதலிலேயே அண்ணியின் கல். எதிரே சாதாரணமான ஒரு கத்தரி. திரையில் வட்டத்தைப் பெரிய சதுரமாக விரித்துக் காட்டுவார்கள்; அண்ணியின் குண்டுகள் பச்சைப் புள்ளிகள். பச்சை கொஞ்சம் தூவியது, நின்றது. அடுத்த ஆட்டம்: அதே இடத்தில் நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. நூறு ஆட்டம் முடிந்ததும் திரையில் எண் வந்தது. அண்ணிக்கு வெற்றி பதினொன்று. தோல்வி எண்பத்தொன்பது. பக்கத்தில் சாவின் காரணம்: எதிராளியின் குண்டு, மூன்று. சொந்தக் குண்டு, எண்பத்தாறு.

பின்வரிசையில் யாரோ 'ப்ச்' என்றார்கள். சொந்தக் குண்டில் சாவது அந்த மன்றத்தில் மிகக் கேவலமான சாவு. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட முதல் மாதத்தோடு நிறுத்திவிடும் தவறு.

செயலாளர் என் பக்கம் திரும்பி, "இத நீங்க எழுதினதா நான் சந்தேகப்பட்டேன். மன்னிக்கணும், நீங்க இவ்ளோ மோசமா எழுத மாட்டீங்க" என்றார். கூடம் சிரித்தது. அண்ணன் எழப் பார்த்தார், அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, இந்த வட்டத்துல எத்தனை கட்டம்?"

"எட்டாயி..." என்று தொடங்கினவன் அப்படியே நின்றேன். பத்து நாளுக்கு முன்னால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது; அண்ணியின் விண்ணப்பத்திலும் என் மின்னஞ்சல் முகவரிதான். விதிகளில் சிறு மாற்றங்கள் என்று ஏழெட்டு வரிகள். அதில் நாலாவதோ ஐந்தாவதோ: ஆண்டுப் போட்டிக்கு வட்டத்தின் அளவு 8192. என் புரோகிராமுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. மேலோட்டமாகப் படித்தேன், மூடிவிட்டேன். இதில் அண்ணியிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்து ரெண்டு அண்ணி. மாத்திட்டாங்க. எனக்கு மெயில் வந்துது. நான்தான் சொல்லல."

அண்ணி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாலம் வேலை நடக்குதுன்னு ரூட்டு ஏழு நிமிஷம் நீண்டா என்ன பண்ணுவேன்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"மொத்த அட்டவணையும் கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதுவேன். சுத்தோட நீளமே மாறுது, உனக்கு அது சின்ன மாத்தமா? இதான் உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

பட்டம் வாங்கிய நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த மன்றத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதன் பெயர் 'தையல்'. முதல் மோதலில் சொந்தக் குண்டால் செத்த புரோகிராமை ஒருமுறை திருத்தலாம். ஒரு வரியை வெட்டலாம், கூடவே ஓர் எண்ணை மாற்றலாம். புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது. எழுதினவரே முன்னால் வந்து, எல்லோரும் பார்க்க, கால் மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். யாரும் வாய் திறக்கக்கூடாது. பெரும்பாலும் யாரும் தையல் கேட்பதில்லை. முன்னால் போய் நின்று திணறுவதைவிடத் தோற்றுப்போவது கௌரவம் என்று விட்டுவிடுவார்கள்.

அண்ணி எழுந்தார். "தையல் போடறேன்" என்றார்.

செயலாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு என்னைக் கூடத்தின் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். போனேன்.

அண்ணி கணினியைத் தொடவில்லை. ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். செயலாளர் தந்தார். மேசையில் கவிழ்ந்து வகுத்துப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் போனது. ஆறு. போட்டியில் என் இடத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர் தடுமாறினால் இனி அந்தத் தாள்களை எடுக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அண்ணி நிமிர்ந்தார். மைக் பழக்கம், குரல் கூடத்தின் கடைசிவரை தெளிவாக வந்தது.

"ஐந்நூத்தி எழுபத்தஞ்சாவது குண்டு."

"என்ன?" என்றார் செயலாளர்.

"முன்கை எறியற ஐந்நூத்தி எழுபத்தஞ்சாவது குண்டு. நூத்தி அறுபத்தாறு சுத்து சுத்தி வந்து என் மூணாவது வரில விழுது. அது பின்கை. முன்கை எறிஞ்ச உடனே பின்கைக்குத்தான் போகணும். போனா அங்க குண்டு. எல்லா ஆட்டத்துலயும் ஒரே இடத்துல நின்னுதே, அதான்."

செயலாளர் மேசை மேல் இருந்த கணினியில் தட்டிப் பார்த்தார். 2365-ஐ 575-ஆல் பெருக்கி, 8192-ஆல் வகுத்து. மீதி மூன்று. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார்.

"எட்டாயிரத்துல அஞ்சுக்கு இடம் இருந்துச்சு" என்று அண்ணி தாளைப் பார்த்தபடி தொடர்ந்தார். யாரும் கேட்காமலே. "இதுல இல்ல. இது ரெண்டு ரெண்டாப் பெருக்கிக் கட்டின வட்டம். நாலு நாலா விட்டுப் போகலாம், எட்டு எட்டா விட்டுப் போகலாம். அஞ்சு அஞ்சா போகவே முடியாது. அதனால என் வீடு நாலு கட்டத்துக்குள்ள அடங்கணும். குண்டுக்கு ஒண்ணு போனா மூணு வரிதான். ஒரு வரி போகணும்."

எந்த வரி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டாமல் முடியாது, எறியாமல் முடியாது, திரும்பிப் போகாமல் முடியாது. அந்தப் புரோகிராமை வேறெதுவும் போல் இல்லாமல் ஆக்கியதே பின்கைதான். மூன்று வாரம் அதற்காகத்தான் செலவழித்திருந்தார். அண்ணி கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியில் போய் நின்று, கொஞ்சநேரம் விரலை எடுக்காமல் இருந்தார். பிறகு அழித்தார். 2365-ஐ 2364 ஆக்கினார். "அவ்வளவுதான்" என்று எழுந்தார். கால் மணியில் இன்னும் நாலு நிமிடம் மீதி இருந்தது.

ஒற்றைக் கையோடு மிச்சம் பதினாலு பேரையும் சந்தித்தது அந்தக் கல். சொந்தக் குண்டு என்ற காரணம் அதன் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. கத்தரிகளை உடைத்தது, மற்றக் கற்களோடு ஏறக்குறையச் சமமாக நின்றது. என்னுடையதை நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்று தோற்கடித்தது. அதற்கு அண்ணன் மட்டும் எழுந்து கைதட்டினார். காகிதங்களிடம் சரமாரியாகத் தோற்றது. கடைசியில் பதினாறில் ஏழாவது இடம். நான் பதிமூன்று. முதலிடம், எங்கள் நிறுவனத்திலேயே சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் காகிதத்துக்கு.

முடிவுகளை வாசிக்கும்போது செயலாளர் ஒவ்வொரு புரோகிராமின் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது இடத்தில் நிறுத்தினார். அண்ணியின் பெயரை முழுதாக, தகப்பனார் பெயரோடு, வாசித்தார். "இவரே எழுதியது" என்றார். வேறு யாருக்கும் அந்த இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தது அண்ணிக்குப் பிடித்ததா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லத் தேவைப்படாததைத் தனக்கு மட்டும் சொல்கிறார்களே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றியது.

கூடம் கலைந்தது. நானும் அண்ணனும் வாசலில் நின்றோம். "அண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றார் அண்ணன்.

"கேக்கணும்."

"கேளு. ஆனா சீக்கிரத்துல கெடைக்காது. எனக்கு ஒரு தடவ எட்டு மாசம் ஆச்சு."

அண்ணி வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். முதலிடம் வாங்கிய பெண் அண்ணியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கணக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். 2364 எடுத்தீங்க, சரி. 2360 ஏன் எடுக்கல? அதுவும் நாலுல வகுபடுமே?"

"அது எட்டுலயும் வகுபடும். எட்டுக்கு ஒரு கட்டத்துலதான் குண்டு விழும். என் வீடு பத்திரமா இருக்கும், ஆனா எதிராளியும் நிம்மதியாத் தூங்குவான். நமக்கு எவ்ளோ இடம் வேணுமோ அவ்ளோதான் விடணும். கூட விட்டா அவனுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இத நீங்க எங்க படிச்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல" என்றார் அண்ணி. "சரி, நீ சொல்லு. உன் காகிதம் தன்னைத்தானே நகல் எடுக்குதுல்ல, அடுத்த நகல் எங்க போய் உக்காரும்னு எப்படி முடிவு பண்ற?"

"அதச் சொன்னா அடுத்த தடவ நீங்க என்ன அடிச்சிடுவீங்களே."

"அடிக்கத்தானே கேக்கறேன்?"

அவள் மறுபடி சிரித்தாள். பிறகு பேனாவை எடுத்து, தாளில் மிச்சமிருந்த வெள்ளை இடத்தில் கட்டங்கள் வரையத் தொடங்கினாள். அண்ணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் அழைக்காமல் வாசலுக்குத் திரும்பி, அண்ணி வர நேரமாகும் என்று அண்ணனிடம் சொன்னேன்.